கமலவேணியின் படம்

"ஆசானே, அந்த எலி என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றார் பொன்னுரங்கம்.

சௌந்தரநாயகி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த எலி?"

"கம்ப்யூட்டர் எலிதான். வலப்பக்கம் போன்னா இடப்பக்கம் போகுது. நில்லுன்னா ஓடுது. அம்புக்குறி எங்க இருக்குன்னு தேடறதுலயே எனக்குக் கண்ணு ரெண்டும் பூத்துப் போகுது."

"இத்தனை வருஷமா அது யார் பேச்சைக் கேட்டுச்சு?"



மன்னார்குடி மேலராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் சௌந்தரநாயகியின் அச்சுக்கூடம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் போஸ்டர் அங்கிருந்துதான் போகும். சாவுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுப் பாயை விரித்து யாப்பு சொல்லிக்கொடுப்பார். அந்தப் பக்கத்தில் வெண்பாவுக்கு அவரை விட்டால் ஆளில்லை. வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். வருகிற கவிஞர்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள், தலை நரைத்தவர்கள். அவர்கள் அவரை ஆசான் என்பார்கள். அவர் அவர்களை அண்ணே என்பார்.

விளக்கம் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பாட்டில் தளை தட்டினால், அந்த இடத்தில் விரல் முட்டியால் தரையில் ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான் பாடம். என்ன பிழை, ஏன் பிழை என்று வீட்டுக்குப் போய் அவரவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு சோதனை வந்தது. எல்லாருடைய பாட்டையும் சேர்த்து ஒரு புத்தகம் போடலாம் என்று பேச்சு எழுந்தபோது ஆசான், "அவங்கவங்க பாட்டை அவங்கவங்களே கம்ப்யூட்டர்ல தட்டிக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

புலவர் தெய்வசிகாமணி 'மவுஸ்' என்ற சொல்லையே வாயில் வைக்கமாட்டார். 'சுட்டி' என்பார். இந்தச் சுட்டி அகச்சுட்டா புறச்சுட்டா என்று யோசிப்பதிலேயே அவருக்குப் பொழுது போயிற்று. கடைசிவரை அதைக் கையால் தொடவில்லை.

ஷேக் மைதீன் தொட்டார். தூக்கி, டிவி ரிமோட் மாதிரி திரைக்கு நேரே நீட்டி அமுக்கினார். மேஜைமேல் வைத்து நகர்த்துங்கள் என்றார்கள். நகர்த்திக்கொண்டே போனார். மேஜை விளிம்பு வந்ததும் நின்று, "தரை முடிஞ்சிருச்சு ஆசானே. இன்னொரு மேஜை போடணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுரங்கம்தான் அதிகமாகச் சிரித்தார். அவருக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அப்போது அவர் மனைவி கமலவேணி இருந்தாள்.

பொன்னுரங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் அவர் பெயர் வைகறைவேந்தன். சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத கவியரங்கம் இல்லை. இரங்கற்பா என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். செத்தவரை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெயரும் வயதும் சொன்னால் போதும். பதினாறு வரி வந்துவிடும்.

பாட்டு வரும்போது அவரால் உட்கார முடியாது. ஓடுகிற பஸ்ஸில் நடந்து பழகிய கால். கூடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே வரிகளைச் சொல்வார். மூலையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து கமலவேணி தட்டுவாள். மகளிர் குழுவில் சேர்ந்து அவளாகக் கற்றுக்கொண்டது. எலியை அவள் எப்படி ஓட்டினாள் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் அச்சடித்த தாள் மேஜைமேல் இருக்கும். எடுத்துக்கொண்டு மேடைக்குப் போவார்.

போன ஐப்பசியில் அவள் செத்துப்போனாள். வயிற்றில் கட்டி. தஞ்சாவூரில் பார்த்தபோது, ரொம்பக் காலம் கடந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார்கள். பிள்ளைகள் இல்லை. சாவு போஸ்டரை அவள் தம்பி வெளியூரில் அவசரமாக அடித்துக்கொண்டு வந்தான். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தான். தெருக்காரர்களே அதைப் பார்த்துவிட்டு, யார் செத்தது என்று கேட்டார்கள்.

இப்போது ஒரு வருஷம் ஆகப் போகிறது.

"சரி, என்னதான் ஆச்சு சொல்லுங்க" என்றார் சௌந்தரநாயகி.

"நானே தட்டிப் பாத்தேன் ஆசானே. நாலு வரி வந்துச்சு. ஒரு எழுத்தைத் திருத்தலாம்னு எலியை அங்க கொண்டுபோய் ரெண்டு தட்டு தட்டினேன். ஒண்ணும் ஆகலை. இன்னும் தட்டினேன். நாலு வரியும் நீலமாயிருச்சு. பயந்துபோய் 'க'ன்னு ஒரு எழுத்தை அமுக்கினேன். பாட்டையே காணோம். 'க' மட்டும் நிக்குது."

பாயில் உட்கார்ந்திருந்த ஷேக் மைதீன், "நீங்க எழுதினதுலயே சுருக்கமானது அதுதான் அண்ணே" என்றார்.

பொன்னுரங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை.

"எலியோட வலது காதை அமுக்கினா ஒரு பட்டியல் விரியுது. ஓட்டல்ல உக்காந்ததும் இட்லி வடை பொங்கல்னு மூச்சுவிடாம ஒப்பிப்பானே, அந்த மாதிரி. எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பான்னா போகமாட்டேங்குது."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"அவளுக்கு எழுதினது. பதினாறு வரி. நீங்களே தட்டி ஒரு போஸ்டர் போட்டுக் குடுங்க. வர்ற வியாழக்கிழமை திதி."

சௌந்தரநாயகி தாளை வாங்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காருங்கண்ணே."

"நானா?"

"உக்காருங்க."

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். ஆசான் எலியைத் துடைத்து அவர் கைப்பக்கம் வைத்தார்.

"படம்?"

ஒரு பென் டிரைவைக் கொடுத்தார் பொன்னுரங்கம். கமலவேணி சேர்த்து வைத்திருந்தது. விழா விழாவாகப் பிரித்து ஊர்ப் பெயர் போட்டிருந்தாள்.

"இதுல அக்கா எங்க இருக்காங்கன்னு பாருங்க. அந்தச் சக்கரத்தை உருட்டினா படம் ஓடும்."

எலியின் முதுகில் ஒரு சின்னச் சக்கரம் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. உருட்டினார்.

பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் கையை உயர்த்தியிருந்தார். ஒரு எம்.எல்.ஏ.வோடு நின்றார். கேடயம் வாங்கினார். மாலையோடு சிரித்தார்.

முதலில் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இது நீடாமங்கலம், இது வலங்கைமான் என்று ஷேக் மைதீனைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்புக்குறி தப்பித் தப்பி ஓடியது. ஒரு படத்தைத் திறக்கப் போய் வேறொன்று திறந்தது. அதிலும் அவரே இருந்தார்.

சக்கரம் உருண்டுகொண்டே இருந்தது. ஊர்கள் தீர்ந்துகொண்டே வந்தன. அவர் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

"படமெல்லாம் யாரு எடுத்தது?" என்றார் ஆசான்.

"அவதான். கூட்டத்துல முன்வரிசையில உக்காந்து போன்ல எடுப்பா."

"உங்க கல்யாண போட்டோ?"

"புயல்ல கூரை போனப்ப நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. பிரிச்சா முகம் வரலை."

கடைசி ஊரில் அவள் இருந்தாள்.

கூத்தாநல்லூர் விழா. யாரோ அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு, நீங்களும் போய் நில்லுங்க அக்கா என்று அனுப்பியிருக்க வேண்டும். மேடையில் பத்துப் பேர். நடுவில் பொன்னுரங்கம். விழாத் தலைவர் அவருக்குப் பொன்னாடையை விரித்துப் போர்த்துகிறார். அவருக்குப் பின்னால், தோளை ஒட்டி, கமலவேணியின் முகம். கண் நேராகப் பார்த்தது.

"இது போதும் ஆசானே. இதை வெட்டிருங்க."

"நீங்க வெட்டுங்க."

"என் கை நிக்காது."

"நிக்கிற அளவுக்கு வெட்டுங்க."

எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினார். முகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அரிசி அளவு நகர்ந்து அடுத்த புள்ளி. இப்படியே தலையைச் சுற்றி வந்து, புறப்பட்ட புள்ளியைத் தொட்டால் உருவம் தனியாக வந்துவிடும். சாவுப் படமெல்லாம் அப்படித்தான் வெட்டுவார்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் செத்தவரை மட்டும் வெட்டி எடுத்து, நீல வானத்தில் ஒட்டுவார்கள்.

படத்தைப் பெரிதாக்கினார் ஆசான். கமலவேணியின் நெற்றி திரை முழுக்க வந்தது.

அவ்வளவு பக்கத்தில் அவளை அவர் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. எப்போது பட்டது என்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் புள்ளியை வகிட்டில் வைத்தார். அடுத்த புள்ளி முடியை விட்டு எங்கோ போய் விழுந்தது. மூன்றாவது நெற்றிக்குள் இறங்கியது. காதோரம் வரும்போது எலி வழுக்கி, காது பாதி அறுந்துபோயிற்று.

பொன்னுரங்கம் கையை எடுத்துவிட்டார்.

"காதை அறுத்துட்டேன்."

சௌந்தரநாயகி குனிந்து இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினார். காது திரும்பி வந்தது.

"செஞ்சதை இல்லேன்னு ஆக்கறதுக்கு வழி இருக்கா இதுல?"

"இருக்கு. இந்தப் படத்துக்குள்ள மட்டும்."

அவர் மறுபடி எலியைப் பிடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். ஷேக் மைதீன் சிரிக்கவில்லை. புலவர் தெய்வசிகாமணி படியேறி வந்து, என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஓசைப்படாமல் உட்கார்ந்தார். அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காதைக் கடந்தார். தோட்டைக் கடந்தார். கன்னத்தில் இறங்கினார். மூக்குக்கு நேராக வந்தபோது கை நின்றுவிட்டது.

அதற்குக் கீழே கமலவேணி இல்லை. ஜரிகை இருந்தது.

விரித்துப் பிடித்த பொன்னாடையின் ஓரம் அவள் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போயிருந்தது. வாயும் மோவாயும் அதற்குப் பின்னால் இருந்தன. சின்னப் படமாகப் பார்க்கும்போது அது அவர் கண்ணில் படவேயில்லை. அவர் தோளுக்கு மேலே அவள் எட்டிப் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

"ஆசானே, வாய் இல்லை."

"ஆமா."

"இதை நகத்தி உள்ள இருக்கிறதை எடுக்க முடியாதா?"

"படத்துல உள்ளன்னு ஒண்ணு இல்லண்ணே. தெரியறது மட்டும்தான் இருக்கு."

"இந்த மாதிரி வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"வேற யாரோட வாயாவது எடுத்து ஒட்டுவோம். பொருத்தமா இருந்தா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க." ஆசான் ஒரு முக்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்கிட்ட நிறைய முகம் இருக்கு. அக்கா வாய் எப்படி இருக்கும்? சொல்லுங்க, தேடறேன்."

பொன்னுரங்கம் கண்ணை மூடினார். சொல் வருவதற்கு அவருக்கு எப்போதும் நேரம் ஆகாது.

"பவளம் மாதிரி..."

சௌந்தரநாயகி விரல் முட்டியால் மேஜையில் ஒரு தட்டு தட்டினார்.

"கோவைப்பழம்..."

தட்டு.

"முருக்கம்பூ..."

தட்டு.

"அதெல்லாம் ஊருக்குப் பொதுவா இருக்கறது. உங்க வீட்டுல இருந்தது எப்படி இருந்துச்சு? மேலுதடு மெலிசா? சிரிச்சா பல்லு தெரியுமா? ஓரத்துல மச்சம் ஏதாவது?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கூடத்து மூலையில் கணினிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முதுகு தெரிந்தது. கொண்டை தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"என்ன பேசுவாங்க?" என்றார் ஆசான். "அவங்க சொன்னது ஒண்ணு சொல்லுங்க. அதை வச்சாவது பாப்போம்."

"'அடுத்த வரி?'ன்னு கேப்பா."

"வேற?"

மாடிக்குக் கீழே பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வேற என்ன சொல்வாங்க அண்ணே?"

"ஒருதடவை... இந்த வார்த்தை வேணாங்க, வேற போடுங்கன்னா."

"எந்த வார்த்தை?"

"ஞாபகம் இல்லை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ தட்டுன்னேன்."

சௌந்தரநாயகி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வயிறு வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார். ஜரிகைக்கு மேலே அந்தக் கண்கள் இருந்தன.

"சொல்லியிருப்பா" என்றார்.

புலவர் தெய்வசிகாமணி பாயின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கும் வீட்டில் பாட்டைத் தட்டிக்கொடுக்க ஒருத்தி இருந்தாள். எழுந்து, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல், படியிறங்கிப் போனார்.

ஆசான் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒரு வாய் தேடி ஒட்டட்டுமா?"

"வேணாம்."

"வாய் இல்லாம போட முடியாதுண்ணே. அந்த இடம் ஓட்டையா நிக்கும். பாக்க நல்லா இருக்காது."

"வேணாம் ஆசானே."

பொன்னுரங்கம் எலியைப் பிடித்தார். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கன்னத்தோடு நிற்கவில்லை. ஜரிகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போனார். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் புள்ளி வைத்தார். தன் தோள் வந்தது. அதைத் தொடாமல் வெளியே விட்டார். தன் கழுத்து, மாலை, சிரித்த முகம் எல்லாவற்றையும் வெளியே விட்டார். பொன்னாடையை மட்டும் அவளோடு சேர்த்துக்கொண்டு மறு கன்னத்தில் ஏறினார்.

எத்தனையோ தடவை கை தவறியது. தவறிய இடத்தில் ஆசான் குனிந்து இல்லாமல் ஆக்கினார்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கடைசிப் புள்ளி முதல் புள்ளியைத் தொட்டது. மேடையும் மற்ற எல்லாரும் போனார்கள். வெள்ளைத் திரையில் ஒரு பெண்ணின் நெற்றியும் கண்களும் மூக்கும் இருந்தன. அதற்குக் கீழே ஒரு துணி.

"வானம் போடட்டுமா பின்னால?"

"வெள்ளையாவே இருக்கட்டும்."

"பாட்டு?"

அவர் வைத்த தாள் மேஜைமேல் மடித்தபடியே கிடந்தது. பொன்னுரங்கம் அதைப் பிரித்துப் படித்தார். இரண்டாவது வரியில் பவளம் இருந்தது. நான்காகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பேரு மட்டும் போதும். நானே தட்டிக்கிறேன்."

தேடித் தேடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கமலவேணி. அதற்கு முன்னால் ஒன்றும் போடவில்லை. பின்னாலும் ஒன்றும் போடவில்லை.

வியாழக்கிழமை காலையில் சடங்கை முடித்துவிட்டு, பசை வாளியும் போஸ்டருமாகப் பொன்னுரங்கம் பஸ் நிலையத்துக்குப் போனார். ஆளை வைத்து ஒட்டச் சொல்லவில்லை. கிழக்குச் சுவரில் அவரே ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டு, நாலடி பின்னால் வந்து நின்றார்.

பழக்கப்பட்ட டிரைவர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பாட்டு எங்கே என்று ஒருவர் கேட்டார்.

திருத்துறைப்பூண்டி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இந்தம்மா வாயை ஒரு துணி மறைச்சிருக்கே" என்றாள். "அது யாரோடதுங்க?"

"என்னோடது" என்றார் பொன்னுரங்கம்.